ரோல் கால் எண் எங்கே?

மூன்று நாளாக எல்லா குரூப்பிலும் சுற்றுகிற அந்தப் போஸ்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நிற்கிற ஒரு வேட்பாளரைப் பற்றியது, யார் என்று உங்களுக்கே தெரியும். "2018-ல் எச்ஆர் 2-க்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர், குடியேறிகளின் எதிரி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தேதி இல்லை. எத்தனையாவது காங்கிரஸ் என்று இல்லை. யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பதிவின் எண்ணான ரோல் கால் எண் இல்லை. ஊரில் இதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். படித்தவர்கள், பெரிய கம்பெனிகளில் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அதை ஒரு நொடி யோசிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறீர்கள்.

எச்ஆர் என்றால் பிரதிநிதிகள் சபையில் வந்த மசோதா. 2018-ல் எச்ஆர் 2 என்பது விவசாய மசோதா. பயிர்க் காப்பீடு, உணவு உதவி, அந்த விவகாரம். போஸ்டர் போட்டவர் நினைத்தது 2023-ன் எச்ஆர் 2, எல்லைப் பாதுகாப்பு மசோதா. அது மே 11, 2023 அன்று 219-213 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. காங்கிரஸ் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகக் கூடும். அதுவரை முடியாத மசோதாக்கள் செத்துப்போகும், எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 115-வது காங்கிரஸில் எச்ஆர் 6 ஓபியாய்டு போதைப் பிரச்சினை பற்றியது. 116-லும் 117-லும் எச்ஆர் 6 சிறுவயதில் இங்கே கொண்டுவரப்பட்ட ட்ரீமர்ஸுக்கானது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் நிலைப்பாட்டைச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த விவசாய மசோதா மே 18, 2018 அன்று முதல் முறை 198-213 என்று தோற்றது. அப்போது ஆளுங்கட்சியாக இருந்த ரிபப்ளிகன் கட்சியின் ஒரு பிரிவு, குடியேற்றத்தைக் கடுமையாக்கும் எங்கள் மசோதாவை முதலில் ஓட்டுக்கு விடு என்று அடம்பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். ஜூன் 21-ல் மறுபடி வந்து 213-211 என்று தேறியது. அதே நாளில்தான் அந்தக் குடியேற்ற மசோதா, எச்ஆர் 4760, 193-231 என்று விழுந்தது. அந்த வேட்பாளர் மேல் கோபமிருந்தால் எச்ஆர் 4760 பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு அவர் என்ன போட்டார் என்று காட்டியிருக்கலாம். உண்மையான சான்று அங்கே எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது. அதை விட்டுவிட்டுப் பயிர்க் காப்பீட்டு ஓட்டைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறோம்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் மசோதா எண்ணோடு எத்தனையாவது காங்கிரஸ் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். 'ஆக்ஷன்ஸ்' பகுதியில் ஓட்டெடுப்பு நடந்த நாளுக்கு எதிரே ரோல் கால் எண் இருக்கும். அதைத் தட்டினால் சபை கிளார்க்கின் பக்கத்துக்குப் போகும். உறுப்பினர் பெயரைத் தேடும் முன்பு மேலே 'கொஸ்டின்' என்ற வரியைப் படியுங்கள். எல்லாரும் சறுக்குகிற இடம் அதுதான். 'ஆன் பாஸேஜ்' என்றிருந்தால் மசோதாவின் மேல் போட்ட ஓட்டு. 'சஸ்பெண்ட் தி ரூல்ஸ் அண்ட் பாஸ்' என்றிருந்தாலும் மசோதா மேல்தான், ஆனால் திருத்தம் கொண்டுவர வழியில்லை, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 'பிரீவியஸ் கொஸ்டின்', 'ஆன் அக்ரீயிங் டு தி ரெசொல்யூஷன்' இதெல்லாம் பெரும்பாலும் கட்சிக் கட்டுப்பாட்டில் விழுகிற நடைமுறை ஓட்டுகள். ரோல் கால் எண்ணும் வருஷத்துக்கு வருஷம் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் எண்ணோடு வருஷத்தையும் எழுதுங்கள்.

'மோஷன் டு ரீகமிட்' என்றிருந்தால், அதாவது மசோதாவைக் குழுவுக்குத் திருப்பச் சொல்லும் தீர்மானம் என்றால், இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். பிப்ரவரி 27, 2019 அன்று எச்ஆர் 8 என்ற துப்பாக்கி மசோதா வந்தது. வாங்குகிறவரின் பின்னணியைச் சரிபார்க்கும் மசோதா. கடைசி நேரத்தில் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன்கள் கொண்டுவந்த ரீகமிட் தீர்மானம், ஒரு திருத்தமாக, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் துப்பாக்கி வாங்க முயன்றால் குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸ் அமைப்புக்குத் தகவல் போக வேண்டும் என்றது. 26 டெமாக்ரட்டுகள் சேர்ந்ததால் 220-209 என்று அது தேறியது. மசோதாவின் தலைப்பில் குடியேற்றம் என்ற வார்த்தையே இல்லை. ஆனால் அந்த வருஷத்தில் குடியேற்றம் பற்றிப் போட்ட முக்கியமான ஓட்டுகளில் அதுவும் ஒன்று. தலைப்பை மட்டும் தேடுகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

நம் ஆட்கள் அதிகம் சண்டை போடுகிற கிரீன் கார்டு மசோதாவுக்கு வருகிறேன். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை வேலைவாய்ப்பு கிரீன் கார்டுகளுக்கு நீக்குகிற எச்ஆர் 1044, ஜூலை 10, 2019 அன்று 365-65 என்று நிறைவேறியது. எதிர்த்த 65 பேரில் இரு கட்சிகளையும் சேர்ந்தவர்கள் உண்டு. செனட்டில் அதன் ஜோடி, எஸ் 386, டிசம்பர் 2, 2020 அன்று திருத்தங்களோடு ஒருமனதாகப் போனது. ரோல் காலே நடக்கவில்லை. ஆகவே "எஸ் 386-க்கு எதிராக ஓட்டுப் போட்ட செனட்டர்" என்று யாராவது போஸ்டர் போட்டால் அது பொய். 2022 டிசம்பரில், அதே உச்சவரம்பை நீக்க வந்த ஈகிள் ஆக்ட் சபையின் பட்டியலுக்கு வந்தது. இறுதி ஓட்டெடுப்புக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். "ஈகிள் ஆக்ட்டைத் தோற்கடித்தவர்" என்று ஒரு எம்பியைக் காட்ட முடியாது. அங்கே பார்க்க வேண்டியது, மசோதாவை ஆதரித்துக் கையெழுத்திட்ட உறுப்பினர்களின் கோ-ஸ்பான்சர் பட்டியல். யார் எந்தத் தேதியில் கையெழுத்திட்டார், யார் பின்னால் விலகினார் என்று அதில் இருக்கும். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு போட்ட கையெழுத்தையும் மசோதா வந்த நாளிலேயே போட்டதையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

கையெழுத்து போடாததும் பதிவுதான். 2018-ல் டாகா பிள்ளைகளுக்காக, அதாவது சிறுவயதில் கொண்டுவரப்பட்டு தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்காக, தலைமையை மீறி மசோதாக்களை ஓட்டுக்குக் கொண்டுவர டிஸ்சார்ஜ் பெட்டிஷன் ஒன்று போனது. 218 கையெழுத்து வேண்டும், 216-ல் நின்றது. பெயர்ப் பட்டியல் கிளார்க் தளத்தில் இருக்கிறது. கூட்டத்தில் டாகா பிள்ளைகளுக்காக உருகிப் பேசியவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

"நீ அந்த ஆளுக்கு வக்காலத்தா?" என்று கேட்கப் போகிறீர்கள், கேட்டும்விட்டீர்கள். இல்லை. அவருடைய எச்ஆர் 4760 ஓட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை ஆயிரம் பேருக்கு அனுப்புங்கள், நானும் அனுப்புகிறேன். ரோல் கால் எண்ணோடு அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். பொய்யான போஸ்டரை எதிர்த் தரப்பு ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடும். அதற்குப் பிறகு உண்மையான ஓட்டைக் காட்டினாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

"பேச்சை வைத்துச் சொல்லக் கூடாதா?" சொல்லலாம். காங்கிரஸ் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான கன்கிரஷனல் ரெக்கார்டில் தேடுங்கள். ஆனால் 'எக்ஸ்டென்ஷன்ஸ் ஆஃப் ரிமார்க்ஸ்' பகுதியில் இருப்பது சபையில் பேசாமலே சேர்த்ததாக இருக்கலாம்.

"முதல் முறை நிற்கிறவருக்கு ஓட்டுப் பதிவே இல்லையே" என்பது நியாயமான கேள்வி. மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவரா என்று பாருங்கள், லெஜிஸ்கேன் தளத்தில் கிடைக்கும். கவுன்ட்டி போர்டில் இருந்தவர் என்றால் குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்த உள்ளூர் போலீஸ் உதவும்படி ஐஸ் அமைப்போடு போடும் 287(ஜி) ஒப்பந்தம் பற்றிய கூட்டக் குறிப்புகளைத் தேடுங்கள். பிரசாரத் தளத்தை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டு, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்கு முன்பும் பின்பும் குடியேற்றப் பக்கம் என்ன சொன்னது என்று ஒப்பிடுங்கள். வாக்கியங்கள் காணாமல் போவது அங்கேதான் தெரியும். மத்தியத் தேர்தல் ஆணையமான எஃப்இசியின் தளத்தில், ஒரு தேர்தல் சுற்றில் 200 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கும். அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், ஊரையும் வேலையையும் ஒத்துப் பார்க்காமல் யாரையும் இழுக்காதீர்கள். கொடுத்தவரின் வீட்டு முகவரியைப் பதிவில் போடவே போடாதீர்கள். அமைப்புகள் உறுப்பினர்களுக்குப் போடும் மதிப்பெண் அட்டைகளில், கொடுக்கிற அமைப்புக்கு என்ன வேண்டும் என்று முதலில் பாருங்கள். நம்பர்ஸ்யூஎஸ்ஏ குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் அமைப்பு. அது 'எஃப்' கொடுத்தவர் உங்களுக்கு வேண்டியவராக இருக்கலாம்.

"இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?" என்கிறீர்கள். கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் காட்டும் பிரையாரிட்டி டேட் நகர்ந்ததா என்று மாதாமாதம் விசா புல்லட்டினுக்காகக் காத்திருக்கிறோம். கிரீன் கார்டு மனுவான ஐ-140-ன் தேதி தூக்கத்தில் கேட்டாலும் வரும். அந்த வரிசையை எழுதுகிற ஆட்களின் ஓட்டைப் பார்க்க மட்டும் கால் மணி நேரம் இல்லையா?

"நமக்குத்தான் ஓட்டே இல்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் மனசு உடைந்தது. ஓட்டில்லை, உண்மை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் பிரசாரத்துக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. ஆனால் பதிவுகளைப் படிக்க விசா கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக் குடிமகனிடம் ரோல் கால் எண்ணைக் காட்டிப் பேசத் தடையில்லை. நாலு வயதில் வந்த பிள்ளைகள் 21 ஆனதும் பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசா போய், படித்த ஊரிலேயே அந்நிய மாணவர்களாக எஃப்-1 மாணவர் விசாவுக்கு நிற்கிறார்கள். அவர்களுக்காக நம்மிடம் இருப்பது வாய்ச்சொல் மட்டும்தான். அந்தச் சொல்லையும் நம்ப முடியாதபடி நாமே ஆக்கிக்கொண்டால் அந்தப் பிள்ளைகளுக்காக யார் பேசுவது?

போஸ்டர் போட்ட நண்பருக்கு நேற்றிரவு குரூப்பிலேயே கேட்டேன். எந்த வருஷம், எந்த ரோல் கால்? ப்ளூ டிக் விழுந்திருக்கிறது. இன்னும் பதில் இல்லை.