கட்டுரை எழுதாத கட்டுரை ஆசிரியர்கள்

இரண்டு நாள் பணியிடைப் பயிற்சி நேற்று மாலையோடு முடிந்தது. தலைப்பு: மாணவர்களின் எழுத்துத் திறனை வளர்த்தல். அந்த இரண்டு நாளில் நான் எழுதியவை இவ்வளவுதான்: என் பெயர், பள்ளியின் பெயர், காலையும் மாலையும் கையெழுத்து, கடைசியில் பின்னூட்டப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்ற ஒரு வரி. அந்த வரியும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து எழுதியது. அறையில் ஏறக்குறைய நாற்பது ஆசிரியர்கள் இருந்தோம். ஒருவர்கூட ஒரு பத்தி எழுதவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

பயிற்சி நடத்திய கருத்தாளரை நான் குறை சொல்லமாட்டேன். அவரும் சாக்பீஸ் தூசி தின்றவர்தான். மேலிடத்துப் பயிற்சியில் அவருக்குக் காட்டிய திரைக்காட்சிகளை எங்களுக்குக் காட்டினார், நாலரை மணிக்குள் முடிக்கவேண்டும் என்ற கவலை அவருக்கு. வடையும் தேநீரும் நன்றாகவே இருந்தன.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பழைய விடைத்தாளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கரையை உலுக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை என்பது கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் 'இயற்கைப் பேரிடர்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தோம். கடற்கரையிலிருந்து வரும் ஒரு மாணவி அழகாக எழுதியிருந்தாள். முன்னுரை, பேரிடரின் வகைகள், காரணங்கள், மரம் நடுவோம் மழை பெறுவோம், முடிவுரை. எல்லாம் வழிகாட்டி நூலில் இருப்பது. ஓர் இடத்தில் வல்லினம் மிகவில்லை. அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்து, கீழே 'நன்று' என்று எழுதினேன்.

அவளுடைய தாய்மாமன் அந்தப் புயலில் போனவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பக்கக் கட்டுரையில் கடல் என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. அதை நான் கவனிக்கவில்லை, விடுபட்ட ஒற்றைத்தான் கவனித்தேன். இருபது ஆண்டு அனுபவத்தில் எந்தப் பயிற்சியும் எனக்கு வேறு எதையும் கவனிக்கச் சொல்லித் தந்ததில்லை.

அந்தத் துயரத்தை அவள் எழுதியே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதாமல் இருப்பது அவள் உரிமை. ஆனால் எழுதலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. பள்ளிக் கட்டுரை என்றால் தன்னிடம் இல்லாததை எழுதுவது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். குலசேகரம் பக்கத்துப் பையன் விடியுமுன் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறான். 'எனது ஊர்' என்றால் அவன் நோட்டில் மாட்டுவண்டியும் ஏற்றம் இறைப்பும் வந்து நிற்கின்றன. பால் பிடிக்கும் சிரட்டையும் உறைந்துபோன ஒட்டுப்பாலும் கட்டுரைக்குள் வரக்கூடாத பொருள்களாம். தப்பித் தவறி 'மரச்சீனி' என்று எழுதினால் சிவப்பில் வட்டமிட்டு 'மரவள்ளி' என்று திருத்துகிறோம். 'சக்கை' பலாப்பழமாகிறது. பொதுத்தமிழ் கற்றுத்தரவேண்டும், சரி. அதற்காக அவன் வீட்டுச் சொல்லையே பிழை என்று சொன்னால் அடுத்த முறை அவன் வழிகாட்டி நூலுக்குள் ஒளிந்துகொள்வான். அங்கே பிழை வராது.

திருத்துவதைப் பற்றியும் ஒரு கணக்கு. எனக்கு மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 42 பேர், மொத்தம் 126 நோட்டுகள். ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றாலே எட்டு மணி நேரத்துக்கு மேல். ஆகவே யாரும் படிப்பதில்லை, பிழை தேடுகிறோம். மாணவனும் மதிப்பெண்ணைப் பார்த்து நோட்டை மூடிவிடுகிறான். முதல் வரைவில் சொல்லவந்ததை மட்டும் பார்ப்பது, ஒரு வாரம் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்வது, திரும்ப எழுதவைத்து அந்த இரண்டாம் பிரதிக்கு மதிப்பெண் தருவது - இப்படிச் சுமையைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. இவற்றை நான் பயிற்சியில் கற்கவில்லை, தடுமாறித் தடுமாறிக் கண்டுபிடித்தேன்.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1974-இல் பள்ளி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் கூட்டிவைத்து ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். பின்னாளில் அது நாடு முழுவதும் பரவியது. அதன் அடிப்படை மிக எளியது: எழுதக் கற்பிப்பவர் தானும் எழுதவேண்டும், ஆசிரியருக்கு நல்ல ஆசிரியர் இன்னொரு ஆசிரியர்தான். நமக்கு இது வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றவேண்டியதில்லை. பாட்டு வாத்தியார் பாடாமல் பாட்டுச் சொல்லித்தருவாரா?

நாங்கள் ஏழெட்டுப் பேர் சில மாதங்களாகத் தக்கலையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுகிறோம். இருபது நிமிடம் எழுதுவது, பிறகு வாசிப்பது. முதல் நாள் தமிழாசிரியர்களான எங்களுக்குத்தான் கை ஓடவில்லை. நான் 'மனித வாழ்வில்' என்று தொடங்கினேன், எழுதியதும் வெட்கமாகிவிட்டது. நன்றாக எழுதியவர் இயற்பியல் ஆசிரியர். தன் அம்மா கறிக்குத் தேங்காய் அரைப்பதை அரைப் பக்கத்தில் எழுதினார், அவ்வளவுதான். எழுத்து தமிழ்ப் பாடத்தின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல அடி. அறிவியல் விடையும் வரலாற்று விடையும் எழுத்துதானே?

'பத்தாம் வகுப்பில் கட்டுரைக்கு 8 மதிப்பெண், அதற்கு இவ்வளவு பாடா' என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படிப்பறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டம் நம்முடையது. தேரூரில் கவிமணி பிறந்தார் என்று பெருமை பேசுகிறோம். அந்த ஊரில்தான் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இங்கேகூட முயலவில்லை என்றால் எங்கே முயல்வது?

ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கைச் சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை. மணிக்கணக்கு என் குறை அல்ல. அதில் இரண்டு மணி நேரமாவது திரையை அணைத்துவிட்டு எங்கள் கையில் வெள்ளைத்தாள் கொடுங்கள் என்கிறேன். நாங்கள் எழுதியதை இன்னொருவர் சிவப்பு மையில் வட்டமிடட்டும். அப்போது வயிற்றில் ஒன்று பிசையும் பாருங்கள், அதை ஒருமுறை அனுபவிக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுகிறோம். எந்தப் பாட ஆசிரியரும் வரலாம், உள்பெட்டியில் கேட்டால் முகவரி தருகிறேன். ஒரு மாணவரின் கட்டுரை நோட்டையும் எடுத்துவாருங்கள். இன்னும் திருத்தாததாக இருந்தால் நல்லது.