தியோவுக்கு வசனம் இல்லை

(‘சில்ட்ரன் ஒஃப் மென்’ படம் பார்க்காதவர்கள் இதைச் சேமித்து வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். பிறகு வந்து என்னோடு கோபிக்கக் கூடாது.)

படம் முடிந்து லைற் போட்டதும் ஆளுக்கொரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மிரியம் சொன்னது. இன்னொருவருக்கு நைஜல் சொன்னது. சம்பூர்க்காரத் தம்பி ஒருவன் படத்தில் வரும் கிளர்ச்சிக்காரன் லூக்கை விட்டுத்தரவே இல்லை. திருகோணமலை உப்புவெளியில் ஒரு நண்பர் வீட்டு மதிலில் வெள்ளைச் சீலை கட்டிப் பார்த்த படம். கதைத்துக் கலைய நடுச்சாமம் தாண்டிவிட்டது. நான் சொல்ல வந்ததை அங்கே ஒருவரும் முழுதாகச் சொல்ல விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த படம், 2006 செப்டெம்பரில் வந்தது. கதை நடப்பது 2027 இங்கிலாந்தில். உலகத்தில் 18 வருடமாக ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அகதிகளைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கீ என்ற ஆபிரிக்க அகதிப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள். அவளைக் கடல் வரைக்கும் கொண்டுபோய், ‘ருமோரோ’ என்ற கப்பலில் ஏற்றிவிட வேண்டும். அந்த வேலை தியோ என்ற குடிகார அரச உத்தியோகத்தனின் தலையில் விழுகிறது. கதை அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற வசனங்களை அடுக்கிப் பாருங்கள். தியோ வாயிலிருந்து வந்தது ஒன்றாவது இருக்கிறதா? கதாநாயகன் அவன்தான். கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் அவன் நிற்கிறான். ஆனால் மேற்கோள் காட்ட எவருக்கும் அவன் ஞாபகம் வருவதில்லை. அதே ஆட்கள்தான் அடுத்த கேள்வியையும் கேட்கிறார்கள்: “இவன் ஏன் இவ்வளவு தூரம் போறான்? காரணம் சரியாச் சொல்லப்படேல்லையே?” என் கட்சி என்னவென்றால், இந்த இரண்டும் ஒரே விஷயம். காரணத்தை வாயால் சொல்கிறவர்களின் வசனம் நமக்கு ஞாபகம் இருக்கிறது. தியோவின் காரணம் வாயில் வைக்கப்படவில்லை.

நைஜலில் இருந்து தொடங்குகிறேன். தியோவின் ஒன்றுவிட்ட சகோதரன், பெரிய பதவிக்காரன். அழிந்துகொண்டிருக்கும் உலகத்தின் கலைச் செல்வங்களை எல்லாம் லண்டன் பற்றர்சீ மின்நிலையக் கட்டடத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறான். வாசலில் காலுடைந்த மைக்கலாஞ்சலோவின் தாவீது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’. இன்னும் நூறு வருடத்தில் இதைப் பார்க்க ஒரு மனிதன் இருக்க மாட்டானே, பிறகு எப்படி நாளை ஓட்டுகிறாய் என்று தியோ கேட்கிறான். நைஜல் சொல்கிறான், நான் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை என்று.

படத்தின் மிகப் பயங்கரமான வசனம் இதுதான் என்று எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நான் அதைக் கேட்டபோது பயப்படவில்லை. இந்த வசனத்தை எங்கள் ஊரில் நாளாந்தம் கேட்கிறோமே! “அதை எல்லாம் யோசிச்சா இருக்க ஏலாது” என்று என் அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பா. சொல் ஒன்றுதான். அம்மா அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் உலை வைப்பா, வீட்டில் சாப்பிட ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக. நைஜல் அதைச் சொல்லிவிட்டு வைன் குடிக்கிறான். யோசிக்காமல் இருப்பது ஒருத்திக்கு நாளைத் தள்ளுகிற வழி. மற்றவனுக்கு அது வசதி. பின்னால் பிக்காசோவின் ஓவியத்தில் குண்டு விழுந்த ஊரின் சனம் அலறிக்கொண்டிருக்க, அதற்கு முதுகு காட்டி இருந்து சாப்பிடுகிறான். வசனத்தை மட்டும் எழுதி வைத்தால் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அதனால்தான் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை.

கீக்குத் துணையாக வரும் மிரியத்தின் வசனத்துக்கு வருகிறேன். கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்தில், ஊஞ்சலில் கீ இருக்க, மிரியம் தியோவிடம் சொல்வது. விளையாட்டுத் திடல்களின் சத்தம் அடங்க அடங்க விரக்தி வந்து குந்திக்கொண்டது. பிள்ளைகளின் குரல் இல்லாத உலகத்தில் என்ன நடக்கிறது என்பது விசித்திரம். அழகான வசனம், மறுக்கவில்லை. (அந்தப் பள்ளிக்கூட நடையில் ஒரு மான் ஓடும். இங்கிலாந்தில் அது உலகம் பாழாய்ப்போனதற்கு அடையாளம். எங்கள் கூட்டத்தில் எல்லாரும் சிரித்துவிட்டோம். திருகோணமலையில் மான் பஸ் ஸ்ரான்ட் பக்கம் நிற்கும், குப்பையைக் கிளறும், கோட்டைக்குள் போனால் கையில் இருப்பதைப் பறித்துத் தின்னும். எங்களுக்கு அது நல்ல நாளின் அடையாளம்.)

ஆனால் எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற மிட்வைஃப் அக்காவுக்கு அந்த வசனம் பெரிதாகப் படவில்லை. அதற்குச் சற்று முன்னால் மிரியம் சொல்வதுதான் அவவைப் பிடித்து உலுக்கியது. மிரியமும் மருத்துவிச்சிதான். ஒரே வாரத்தில் 3 பேருக்குக் கரு கலைகிறது. அடுத்த வாரம் இன்னும் 5 பேர். பிறகு ஒரு நாள் ஒருத்திக்கு அடுத்த திகதி குறிக்கக் கொப்பியைப் புரட்டுகிறாள், 7 மாதம் தள்ளி இருக்கும் பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. இன்னொரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சிநேகிதிக்கு எடுத்துக் கேட்டால் அங்கேயும் புதிதாக ஒருவரும் இல்லை. அந்தச் சிநேகிதி சிட்னியில் இருக்கும் சகோதரிக்கு எடுத்தால் அங்கேயும் அதே கதை.

“கிளினிக் கொப்பியில வெறும் பக்கம் கிடந்தா எனக்கு நித்திரை வராது தம்பி. குரல், விளையாட்டுத் திடல் எல்லாம் பிறகு யோசிச்சுச் சொல்ற கதை,” என்றா அக்கா. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

என்னை மடக்கினதும் அவதான். “அப்ப மிரியம்? அவள் வசனமும் பேசுறாள், வேலையும் செய்யிறாள். உம்மட கட்சி உடைஞ்சு போச்சே?”

கொஞ்சம் யோசிக்க வைத்த கேள்வி. பெக்ஸ்ஹில் அகதி முகாமுக்குள் பஸ் நுழைகிறது. கீக்கு நோவு தொடங்கிவிட்டது. படைக்காரன் ஒருவன் பஸ்ஸுக்குள் ஏறி ஆட்களைப் பார்த்துக்கொண்டு வருகிறான். அப்போது மிரியம் எழும்பி, தேவதூதர் பெயர்களைச் சொல்லிப் பிரார்த்தனை போல ஏதோ கத்தத் தொடங்குகிறாள். பைத்தியம் என்று நினைத்து அவளை இழுத்து இறக்கி, தலையில் சாக்கைப் போடுகிறார்கள். பஸ் போய்விடுகிறது. கீ தப்புகிறாள். அத்தோடு மிரியம் படத்தில் இல்லை. அவள் சொன்னவற்றிலேயே ஒரு உயிரைக் காப்பாற்றியது அந்த உளறல்தான். அதை ஒருவரும் போஸ்ரரில் எழுதி ஒட்ட மாட்டார்கள். மிட்வைஃப் அக்கா இதற்குத் தலையாட்டினா. “லோஞ்சுப் படகிலயும் செக்பொயின்ற்றிலயும் வாயடிச்சுத்தான் பிள்ளைத்தாச்சியளைக் கொண்டுவந்து சேர்த்தது. என்ன கதைச்சனான் எண்டு கேட்டா ஒரு சொல் ஞாபகமில்லை.”

இப்போது தியோ. படத்தின் தொடக்கத்தில் அவனும் பேசுகிறான். பழைய நண்பர் ஜாஸ்பரின் காட்டு வீட்டுக்குப் போகும்போது, பிள்ளைப்பேறுக்கு மருந்து கண்டுபிடித்தாலும் பயனில்லை, அந்த வியாதி வர முன்னமே உலகம் நாறிப்போய்விட்டது என்கிறான். தத்துவம் என்று அவன் வாயிலிருந்து வருவது அதுதான். அப்போது அவன் ஒரு துரும்பையும் அசைக்காதவன். கோப்பிக் கடை குண்டு வெடித்துச் சிதறும்போதுகூட கோப்பிக்குள் மதுவை ஊற்றிக்கொண்டு நின்றவன். அகதிகளுக்காகப் போராடும் இயக்கத்தில் இருக்கும் பழைய மனைவி ஜூலியன் வந்து, கீக்குப் பயண அனுமதிக் கடிதம் எடுத்துத் தரக் கேட்டபோது அவன் சம்மதித்ததும் 5,000 பவுணுக்காக. நைஜலால் இரண்டு பேர் சேர்ந்து போகிற கடிதம்தான் எடுத்துத் தர முடிந்தது. அதனால்தான் கூடப் போகிறான். நோக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, காசும் கடதாசியும்தான்.

பிறகு என்ன நடந்தது? ஜூலியன் சுடப்படுகிறாள். சுடுவித்தது அவளுடைய சொந்த இயக்கமே என்று ஒளிந்திருந்து கேட்டு அறிகிறான். அந்த இடத்தில் இருந்து அவன் பேச்சு சுருங்கத் தொடங்குகிறது. கவனித்துப் பாருங்கள். ஓடு. குனி. மூச்சை விடு. தள்ளு. காரைக்கூட விடிய முன் பள்ளத்தில் தள்ளித்தான் ஸ்ராட் பண்ணப் பார்க்கிறார்கள், ஸ்ராட் ஆகுதில்லை! (இந்தக் காட்சியில் எங்கள் ஆட்கள் கத்தின கத்து!) சப்பாத்தும் போய், ஒரு கட்டத்தில் இறப்பர் செருப்போடு யுத்தத்துக்குள் ஓடுகிறான். படம் முழுக்க ஒரு துவக்கைக் கையில் எடுக்கவில்லை.

அவனுடைய காரணம் படத்தில் எங்கே சொல்லப்படுகிறது தெரியுமா? அவன் இல்லாத அறையில். ஜாஸ்பர், மிரியத்துக்கும் கீக்கும் சொல்கிறார்: தியோவும் ஜூலியனும் ஊர்வலத்தில் சந்தித்தது, டிலன் என்ற மகன் பிறந்தது, 2008 காய்ச்சலில் அந்தப் பிள்ளை போனது. தியோ வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒன்றும் சொல்லவில்லை. நம்பிக்கை, தற்செயல் என்று ஜாஸ்பர் அதற்கு ஒரு சித்தாந்தமும் கட்டுகிறார். ஜாஸ்பராக நடிக்கும் மைக்கல் கெய்ன் அதை ரசித்துப் பேசுகிறார், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு அந்தச் சித்தாந்தம் என்னத்துக்கு?

இதை இயக்குநர் தெரிந்துதான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். 1992இல் பி. டி. ஜேம்ஸ் எழுதிய மூல நாவலில் தியோ ஒக்ஸ்ஃபோர்ட் வரலாற்று அறிஞன், நாட்குறிப்பு எழுதுகிறவன். தன் மனதைத் தானே பக்கம் பக்கமாகத் திறந்து வைக்கிறவன். படத்தில் அந்த நாட்குறிப்பைப் பறித்துவிட்டார்கள். கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். குடிப்பதற்கு வைத்திருந்த மதுவை, பிள்ளையை வாங்கும் முன் கையில் ஊற்றிக் கழுவுகிறான். கடைசியில் படகில், குண்டு பட்டதைச் சொல்லாமலே துடுப்பு வலிக்கிறான். பிள்ளை அழ, தோளில் போட்டு முதுகில் தட்டு, காற்றுப் போகட்டும் என்று கீக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அந்த உலகத்தில் 18 வருடமாக யாருக்கும் தேவைப்படாத அறிவு அது. அவனுக்குத் தெரியும், ஏனென்றால் டிலனை அவன் அப்படித் தோளில் போட்டிருக்கிறான். நோக்கம் தெளிவில்லை என்கிறவர்கள் இதைவிட வேறென்ன தெளிவை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாட்டுத் தொழுவத்தில் வயிற்றைக் காட்டுவது, கன்னி என்று கீ பகிடி விடுவது, இதையெல்லாம் வைத்து இயேசு பிறப்போடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிச்சு இருக்கிறதுதான். அதைப் போட்டுவிட்டு தியோவை இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசை என்று சொல்லி முடித்துவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கீயும் அந்தப் பகிடியை ஒரு நொடியில் தானே கலைத்துவிடுகிறாள்.

கடைசியாக லூக். ஜூலியனைக் கொல்லச் செய்தவன். கீயின் பிள்ளையைத் தன் கிளர்ச்சிக்குக் கொடியாகப் பிடிக்க நினைத்தவன். சம்பூர்த் தம்பி அவனுக்காக வாதாடத் தொடங்கியபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அவன் வயதைக் கணக்குப் பார்த்தேன். இந்தப் படம் வந்த அதே 2006இல், ஏப்ரலில் சம்பூர்ச் சனம் போரால் இடம்பெயர்ந்தது. ஆகஸ்டில் மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. தம்பி அப்போது தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை. பெக்ஸ்ஹில் காட்சியில், பிள்ளை அழும் சத்தம் கேட்டு இரண்டு பக்கமும் சூட்டை நிறுத்தி வழிவிடுவதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் உருகிப்போய் இருந்தோம். அவன் சொன்னது: “திரும்பத் தொடங்கினாங்களே அண்ணா, அதுதான் உண்மையான இடம்.”

பெக்ஸ்ஹில் கட்டட மாடியில் லூக் சொல்வதைத்தான் அவன் மனப்பாடமாக வைத்திருக்கிறான். ஜூலியன் நினைத்தது பிழை, மரியாதையைப் பறிக்கிறவர்களோடு எப்படிச் சமாதானமாக இருப்பது என்று கத்துகிற அதே லூக், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது அழுதுவிட்டேன், எப்படி இருப்பார்கள் என்பதே மறந்துபோயிருந்தது, எவ்வளவு சின்னன் என்கிறான். அது பெண்பிள்ளை என்று தியோ சொல்கிறான். அதுவரை லூக் ஆண்பிள்ளை என்றே நினைத்திருந்தான். எனக்கும் ஒரு சகோதரி இருந்தாள் என்கிறான். தம்பி கேட்கிறான்: “இவனை எப்பிடி வில்லன் எண்டுறது?”

என் பதில்: வில்லன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழுதேன் என்று சொல்கிறவனின் கை துவக்கை விடவில்லை. அவன் படியில் தூக்கிக்கொண்டு போனது பிள்ளையைத்தான், கொண்டுபோய்ச் சேர்க்க நினைத்தது கொடியை. இரண்டும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மன்னிக்க என்னால் ஏலாது. தம்பி சம்மதிக்கவில்லை. கொடி இல்லாமல் அந்தச் சனம் என்ன செய்யும், கப்பல் வந்தது ஒருத்தியையும் ஒரு பிள்ளையையும் ஏற்றத்தானே, முகாமில் மிஞ்சினவர்களை யார் ஏற்றுவது என்று திருப்பிக் கேட்டான். அதற்கு என்னிடமும் படத்திடமும் பதில் இல்லை. ஆகாய விமானங்கள் பெக்ஸ்ஹில்லைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்குவதைக் கடலில் இருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

கீழே லூக்கை பற்றி எழுத வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவனுடைய மாடிக் காட்சியை இன்னொரு தரம் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தம்பியும் இந்தப் பதிவில்தான் நிற்கிறான், பதில் சொல்லுவான்.