விசில் ஊதிய பிறகு அவர் எங்கே படுக்கிறார்?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. அத்தைக்கு உடம்பு முடியவில்லை. மருந்து கொடுத்துவிட்டு, பதினொன்றரை மணிவாக்கில் லிஃப்டை விட்டு இறங்கினேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசைக்குப் பக்கத்துத் தூணோரமாக ஒருவர் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். பையின் வாரைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். தூக்கத்தில் யாராவது பையை இழுத்தால் முழிப்பு வந்துவிடுமாம், பிறகு அவரே சொன்னார். வலது முட்டியில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனைதான் என்னை நிறுத்தியது. என் அப்பாவும் ராத்திரியில் அப்படித்தான் தேய்ப்பார்.

“அண்ணே, சாப்டீங்களா?”

நிமிர்ந்து பார்த்தார். முகம் உப்பியிருந்தது, தலை நரைத்திருந்தது. ஆனால் இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த அந்தத் தழும்பு! சிங்கப்பூர் ஜாலான் புசார் விளையாட்டரங்கில், காற்பந்து ஆட்டத்தில் தலையோடு தலை மோதிக் கிழிந்த புருவம் அது. ரத்தம் வழிய வெளியே போனவர், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கி ஆடினார். நான் அன்று மேடையில் நின்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு மலாய்க்காரப் பெரியவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

பெயரைச் சொல்ல மாட்டேன், எந்தக் கிளப் என்றும் சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அடையாளம் தெரியாமலிருக்கத் தழும்பு உட்படச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவரிடம் படித்துக் காட்டி, சரி என்ற பிறகே இங்கே போடுகிறேன்.

எங்கள் வீட்டில் காற்பந்து எப்படி இருந்தது என்று இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புரியாது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1977-இல் சமாத் அல்லாபிச்சை தலைமையில் சிங்கப்பூர் அணி பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்து மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த கதையை, ராமாயணம் சொல்வதுபோலச் சொல்வார். எஸ். ராஜகோபால் அடித்தால் பந்து எப்படி வளைந்து போகும் என்பதைச் சோற்றுத் தட்டின் ஓரத்தில் விரலால் வரைந்து காட்டுவார். எனக்குச் சுந்தரமூர்த்தி. பந்து அவர் காலில் ஒட்டியிருக்கும், எதிரே நிற்கிறவன் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்பான். 1994 டிசம்பர் 17, ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று அடித்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். திரும்பி வரும்போது பாலத்தில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தன. விடிந்துதான் வீடு சேர்ந்தோம்.

இந்த அண்ணன் அதற்கு அடுத்த தலைமுறை. 1996-இல் எட்டுக் கிளப்புகளோடு எஸ்-லீக், அதாவது சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக், தொடங்கியது. “இனி நம் பையன்கள் காற்பந்தையே தொழிலாக வைத்துப் பிழைக்கலாம்” என்று எல்லாரும் சொன்ன நேரம். அவருக்கு அப்போது இருபத்தொன்று. அவருடைய அப்பா, பையனுக்கு அரசாங்கக் கழகத்தில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாராம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. என் அப்பா காலத்து ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் எங்காவது வேலையில் இருந்தார்கள். போலீஸ், ராணுவம், ஏதாவதொரு கழகம் அல்லது கம்பெனி. பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி. காலில் அடிபட்டு ஆட்டம் முடிந்தால், திங்கட்கிழமை அதே நாற்காலிக்குத் திரும்பினார்கள். காற்பந்தில் காசு பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் ஆட்டம் போனால் சோறும் போகும் என்கிற நிலை அவர்களுக்கு இல்லை. தொழில்முறை லீக் வந்ததும் அந்த நாற்காலியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக என்ன வைத்தோம்? பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம், முடிந்தால் இன்னும் ஓராண்டு.

ஒவ்வொரு நவம்பரிலும் வயிற்றைக் கலக்கும் என்றார். “போன் அடிச்சா எடுக்க பயம், அடிக்கலன்னா அதவிட பயம், தம்பி.” 33 வயதில் அந்த போன் வரவேயில்லை. யாரும் கூப்பிட்டு, உன் ஆட்டம் முடிந்தது என்றுகூடச் சொல்லவில்லை. புது சீசனுக்கு எடுத்த குழுப்படம் பேப்பரில் வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். கிளப்பில் வைத்திருந்த இரண்டு ஜோடி பூட்ஸை எடுத்துக்கொள்ளப் போனபோது, லாக்கரில் வேறொருவர் பெயர் ஒட்டியிருந்தது.

கிளப்புகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அவையும் தள்ளாடின. கொம்பாக் யுனைடெட் 2012 சீசனோடு நின்றது. ஒன்பது முறை லீக் வென்ற வாரியர்ஸே 2020-இல் ஒதுங்கிக்கொண்டது. ஒரு கிளப் மூடினால் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் சம்பளம் நிற்கும். அது பேப்பரின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியாக வரும், அடுத்த நாள் மறந்துவிடுவோம்.

“சம்பாதிச்ச காலத்துல சேத்து வச்சிருக்கணும்.” இந்த விஷயத்தை எடுத்ததும் நம் ஆட்கள் சொல்லும் முதல் வார்த்தை இது. காப்பிக்கடையில் என் சொந்த நண்பர்களே சொன்னார்கள். சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு மாதம் 3,000 வெள்ளி (டாலர்) என்று வையுங்கள். இன்றைய விகிதத்தில் ஊழியர் 20, முதலாளி 17, ஆக 37 விழுக்காடு மத்திய சேமநிதிக்குப் போகும், அதாவது 1,110 வெள்ளி. பன்னிரண்டு ஆண்டு ஒரு மாதம்கூட விடாமல் ஆடினாலும், வட்டி இல்லாமல் 159,840 வெள்ளி. அதில் ஒரு பங்கு மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கு, பெரும்பங்கு வீட்டுக் கடனுக்கு. அலுவலகத்துக்குப் போன அவருடைய வகுப்புத் தோழருக்கு 33 வயதில் இன்னும் முப்பது ஆண்டுச் சம்பளம் பாக்கி இருக்கிறது, பதவி உயர்வு பாக்கி இருக்கிறது. இவருக்கு மிச்சம் இருந்தது தேய்ந்துபோன முட்டி. ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது இதில்? இங்கிலாந்திலும் இத்தாலியிலும் வாரச் சம்பளம் லட்சக்கணக்கில் வாங்குபவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து, காற்பந்து வீரர் என்றாலே பணக்காரர் என்று நினைத்துவிட்டோம்.

“கோச் ஆகியிருக்கலாமே” என்பது இரண்டாவது வார்த்தை. ஆனார். சனி, ஞாயிறு காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மணிக்கணக்குக்குக் காசு. மழை பெய்தால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் காசு இல்லை, பள்ளி விடுமுறையில் பாதி வருமானம் போய்விடும். முதலாளி என்று ஒருவர் இல்லாததால் அந்த 17 விழுக்காடும் கிடையாது. பிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். பன்னிரண்டு மணி நேரம் நிற்க முட்டி விடவில்லை. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, அதுவும் சைக்கிளில்! எந்தக் காலால் மிதிப்பார்?

ஆட்டம் முடிந்து நிமிர்ந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 1998-இல் ஹனோயில் வியட்நாமுக்கு எதிரான டைகர் கிண்ண (தென்கிழக்காசியப் போட்டி) இறுதியாட்டத்தின் ஒரே கோலைப் போட்ட சசிகுமார், பிற்பாடு விளையாட்டு வணிக நிறுவனமே தொடங்கினார். சுந்தரமூர்த்தி தேசிய அணிக்கே பயிற்றுவிப்பாளர் ஆனார். அவர்களைப் பார்த்து மனம் நிறைகிறது. ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லி இவரை மட்டம் தட்டாதீர்கள். ஒரு சீசனில் ஆடும் எல்லாருக்குமா தேசிய அணிப் பயிற்றுவிப்பாளர் வேலை இருக்கிறது?

வீடு எப்படிப் போயிற்று என்பதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மூன்றாம் முறை சந்தித்தபோது அவராகவே சொன்னார். பணமில்லாத வீட்டில் சண்டை, பிறகு விவாகரத்து, நாலறை வீடு விற்பனை. விற்ற காசில் கடன் போக, வீட்டுக்காக எடுத்த சேமநிதியை வட்டியோடு திருப்பி வைக்க, கையில் மிஞ்சியது கொஞ்சம். ஒரு வாடகை அறையில் இருந்தார். கோவிட் வந்து பயிற்சி வகுப்புகள் நின்றதும் அதுவும் கரைந்தது. அக்கா வீட்டில் ஓராண்டு. அக்கா மகளுக்குக் கல்யாண வயது, அந்த ஹாலில் எத்தனை நாள் படுப்பது? “யாரும் போன்னு சொல்லல தம்பி, நானே கெளம்பிட்டேன்.”

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் போட்டார். தனி ஆள் என்பதால் இன்னொரு தனி ஆளோடு சேர்ந்து ஓரறை வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தவருக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. விளக்கை எப்போது அணைப்பது என்பதிலிருந்து தொடங்கிய சண்டை. ஒரே அறை, நடுவே சுவர் இல்லை, ஐம்பது வயதுக்கு மேல் முன்பின் தெரியாத இரண்டு மனிதர்கள். 2021-இல், வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பே பொருத்தமானவர்களைச் சேர்த்துவைக்கும் சோதனைத் திட்டம் வந்தது, அது நல்ல முயற்சி. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுக்க ஓரிடம் வேண்டும் என்பது பேராசை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் வெளியே படுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் இன்னும் நம்பாதவர்கள் உண்டு. 2019-இல் லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளி ஆய்வாளர்கள் தொண்டூழியர்களோடு ராத்திரியில் தீவு முழுக்க நடந்து எண்ணியபோது 921-லிருந்து 1,050 பேர்வரை இருந்தார்கள். 2022-இல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எண்ணியபோது 530. குறைந்திருக்கிறது. அமைப்புகள் பல சேர்ந்து வேலை செய்கின்றன, இரவில் கதவைத் திறந்துவிடும் தொண்டு இல்லங்களும் இருக்கின்றன. அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் இந்த அண்ணன் அங்கேயெல்லாம் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“ஒருநாள் போனேன். கவுன்ட்டர்ல இருந்த பையன் என்னப் பார்த்து, ‘அங்கிள், நீங்க அவருதானே? எங்கப்பா உங்க ரசிகர்’னான். சந்தோஷமாத்தான் சொன்னான், பாவம். நான் பாரத்த வாங்கிட்டு டாய்லெட் போறேன்னு வெளிய வந்துட்டேன்.”

அந்தப் பையன் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஒருகாலத்தில் ஐயாயிரம் பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர், வரிசையில் நின்று ‘எனக்குப் படுக்க இடமில்லை’ என்று சொல்ல எவ்வளவு கூசும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. யாருக்கும் தெரியாத ஏழைக்கு இருக்கிற மறைவுகூட இவருக்கு இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1958, 1962 உலகக் கிண்ணங்களை வென்ற பிரேசிலின் கரிஞ்சா, குடியிலும் வறுமையிலும் உடல் கெட்டு 1983-இல், ஐம்பதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். 1966-இல் இங்கிலாந்துக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த நோபி ஸ்டைல்ஸ் 2010-இல் தன் பதக்கங்களை ஏலத்தில் விற்றார். கடைசிக் காலத்தில் அவருக்கு மறதி நோய். ஸ்காட்லந்தின் முன்னாள் வீரர்களை வைத்து 2019-இல் வெளிவந்த கிளாஸ்கோ ஆய்வு, மூளைத் தேய்வு நோயால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு என்றது. தலையால் முட்டி முட்டி நமக்குக் கோல் போட்டுக் காட்டியவர்கள்.

துப்புரவாளரும் டாக்சி ஓட்டுநரும்தான் வெளியே படுக்கிறார்கள், ஆட்டக்காரருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. யாருமே படுக்கக்கூடாது, என் பதில் முதலில் அதுதான். ஆனால் 17 வயதிலிருந்து 33 வரை, மற்றவர்கள் படிப்பும் தொழிலும் சேர்க்கிற வயதை, நாம் கைதட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது. எனவே பொறுப்பும் இருக்கிறது.

ஆண்டுக்கொரு காட்சி ஆட்டம் வைத்து, பழைய வீரர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, உறையில் காசு கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அது ஒரு மாதத்துக்கு வரும். நான் கேட்பது வேறு. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளிலிருந்தே கிளப்பும் லீக்கும் விளம்பரதாரரும் சேர்ந்து ஒரு தொகையைத் தனியே பூட்டி வைக்கட்டும். கடைசி ஒப்பந்தம் முடிந்த மறுமாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு அதை மாதச் சம்பளம்போலக் கொடுக்கட்டும். ஒருவர் விழுவது அந்த இரண்டு ஆண்டில்தான். பயிற்சி இல்லாத நேரத்தில் அவர்களை ஒரு தொழிற்படிப்பில் உட்கார வைக்கட்டும், வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கட்டும்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். ஆட்டத்தை விட்ட ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு இரண்டு முறை போனில் கூப்பிட ஓர் ஆள். “அண்ணே, எப்படி இருக்கீங்க, எங்க தங்கியிருக்கீங்க” என்று கேட்க. இவரை யாராவது 2009-இல் கூப்பிட்டிருந்தால் வீடு போயிருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அக்கா வீட்டை விட்டு எங்கே கிளம்பினார் என்று மூன்று ஆண்டு ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

அவர் படுத்திருந்த தூணில், பந்து விளையாடக் கூடாது என்று சிவப்புக் கோடு போட்ட பலகை ஒன்று இருந்தது. நான்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. குடும்ப சேவை நிலையத்துக்கு நானும் கூடப் போனேன், பாரத்தை நானே நிரப்பினேன், அவர் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இப்போதைக்கு ஓர் இரவுத் தங்கும் இடம். வரும் மாதம் வாடகை வீட்டில் இடம் கிடைக்கும் என்றிருக்கிறார்கள், இந்த முறை நடுவே தடுப்பு வைத்த வீடு. அரிசி, பாத்திரம், மின்விசிறி எல்லாம் சேர்ந்துவிட்டது. மெத்தை தருவதாக இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டில்தான் இல்லை. ஒற்றைக் கட்டில் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வண்டி வைத்து நானே எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது. தரையிலிருந்து எழுந்திருக்க அவருடைய முட்டி விடுவதில்லை.