கல்யாணம் ஆனால் இனிஷியல் மாற்றியே ஆகணுமா?

வடநாட்டில் கல்யாணமான பெண், குடும்பப் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று கொஞ்சமாவது யோசிக்கிறாள். நம் பக்கம் அந்த யோசனைக்கே இடமில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். பெயருக்குப் பின்னால் இருந்தது மெல்ல மெல்லப் போய்விட்டது. முன்னால் நிற்கும் அப்பாவின் எழுத்து மட்டும் மிச்சம். அந்த ஒரு எழுத்தைத்தான் தாலி ஏறிய மறு வாரமே யார் யாரோ மாற்றிவிடுகிறார்கள். மொய் நோட்டு எழுதுகிறவர் மாற்றுவார், சுய உதவிக் குழுவில் பெயர் சேர்க்கும்போது மாறும், பிரசவத்துக்குப் போனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் மாறும். அவளை யாரும் கேட்பதில்லை. என் கோபம் எல்லாம் இந்தக் கேட்காமல் விடுவதில்தான்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். தை, மாசி முகூர்த்தம் முடிந்தால் புது ஜோடிகள் வரிசையாக வருவார்கள். இந்த வருஷம் வந்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பெண் நர்சிங் முடித்தவள். கூடவே மாமியார்.

"ஆதார்ல இனிஷியல் மாத்தணும்க்கா" என்றான் பையன்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டிக் குடுத்த பொண்ணு இன்னும் அப்பன் எழுத்தையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார் மாமியார்.

அவள் கையில் ஒரு ஜிப் வைத்த ஃபைல் இருந்தது. வாங்கி ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ, நர்சிங் சான்றிதழ், கவுன்சில் பதிவு, சாதிச் சான்றிதழ், பான் கார்டு, பேங்க் பாஸ்புக். எல்லாவற்றிலும் அப்பா எழுத்து. "ஆதார்ல மாத்தினா இதுல எல்லாம் தானா மாறிடாதுங்களா?" என்று பையன் கேட்டான். மாறாது தம்பி. ஆதாரில் மாற்றிய அன்றிலிருந்து இந்த ஃபைலில் இருப்பது ஒரு ஆள், ஆதாரில் இருப்பது இன்னொரு ஆள். இரண்டும் நான்தான் என்று ஆயுசுக்கும் அபிடவிட் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"குடும்பம்னா எல்லாருக்கும் ஒரே இனிஷியல் இருக்கணும்" என்பதுதான் பெரியவர்கள் வைக்கும் நியாயம். சரி, ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். முருகேசன் மகன் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். அவர் மு. செல்வம். மனைவி செ. போடுகிறார், பிள்ளைகளும் செ. போடுகிறார்கள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அங்கேயும் ஒரே எழுத்து கிடையாது. மனைவிக்கும் மகளுக்கும்தான் ஒரே எழுத்து. அதாவது அவள் அவருடைய குடும்பத்துப் பெயருக்குள் வரவில்லை, அவருக்கு ஒரு பிள்ளை மாதிரி வரிசையில் நிற்கிறாள். இதைச் சொன்னால் சென்டரில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகள் சிரிப்பார்கள். அப்புறம் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அரசாங்கமே பாதி இடத்தில் அப்பாவைத்தான் கேட்கிறது. பான் விண்ணப்பத்தில் புருஷன் பெயருக்குக் கட்டமே இல்லை, கல்யாணமாகிப் பேரன் எடுத்தவளானாலும் அப்பா பெயரைத்தான் எழுத வேண்டும் (அம்மா மட்டும் வளர்த்த பிள்ளைகளுக்கு 2018 டிசம்பரிலிருந்து விலக்கு உண்டு). சாதிச் சான்றிதழும் பிறந்த வீட்டை வைத்துத்தான். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்ததே, அப்போது என் சென்டரைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வயதுப் பெண்கள், இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் பிறந்த ஊர் வாக்குச்சாவடியைத் தேடி, அதில் அப்பா பெயர் எங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதைவிட முக்கியம் நிலம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அந்த மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களை மட்டும் அது விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தடையும் இல்லை. ஓசூர், சூளகிரி பக்கம் நிலம் என்ன விலை போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இறந்து வாரிசுச் சான்றிதழுக்கு எழுதும்போது, அண்ணன் தம்பி ஆதார் எல்லாம் அப்பா எழுத்தோடு இருக்கும். இவள் ஆதார் மட்டும் வேறு எழுத்தில் இருக்கும். மகள்தான் என்று நிரூபிக்கும் வேலை அவள் தலையில். பங்கு கொடுக்க மனசில்லாத அண்ணன் இருந்தால் இந்த ஒரு எழுத்தே போதும், மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். பத்திரம் எழுதுகிறவர்களைப் பாருங்கள். இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமான இன்னார் என்று இரண்டையும் எழுதி, பெயரைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியும்.

மகளிர் உரிமைத் தொகைக்கு முதல் விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்த வாரங்களில் வந்த பெண்களிடம் ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் எழுத்தே இல்லை. யார் மாற்றினது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "எழுதினவங்க அப்படி எழுதிட்டாங்க" என்பார்கள். அதுதான் நான் சொல்வது.

புருஷன் பெயர் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆதாரில் முகவரியை மாற்றும்போது அதோடு புருஷன் பெயர் வரும். வாக்காளர் அட்டையில் உறவினர் பெயர் என்று இடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்குத் தனி இடம் உண்டு, கல்யாணத்துக்காகப் பெயரை மாற்ற வேண்டாம் என்று 2017-ல் பிரதமரே சொல்லிவிட்டார். இத்தனை இடத்தில் அவர் இருக்கும்போது, பெயருக்கு முன்னாலும் அவரே நிற்கணுமா?

பாஸ்போர்ட் என்றதும் ஒன்று. அங்கே இனிஷியலைத் தனி எழுத்தாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுதணும். வெறும் ஒற்றைப் பெயரோடு எடுத்துவிட்டு, புருஷனைப் பார்க்க துபாய் கிளம்புகிறவர்கள் ஜாக்கிரதை. 2022 நவம்பரில் அந்த நாடு ஒற்றைப் பெயருக்கு விசிட் விசா கிடையாது என்று நிறுத்தி, எத்தனையோ பேர் திண்டாடினார்கள். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிடுங்கள். பெங்களூர் கம்பெனியில் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

மாற்றித்தான் தீருவேன் என்று விரும்பி வருகிற பெண்களும் உண்டு. விட்டுவிட்டுப் போன அப்பன் எழுத்தை எதற்குச் சுமக்கணும் என்று ஒருத்தி கேட்டாள். நியாயம்தான். அவளுக்கு அன்றைக்கே வழி சொல்லி அனுப்பினேன். முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009 சட்டப்படி அது எல்லாருக்கும் கட்டாயம், 90 நாளுக்குள் முடித்தால் நல்லது. அந்தச் சான்றிதழை வைத்து ஆதார், பிறகு பான், பிறகு பேங்க் என்று ஒரே மூச்சில் முடியுங்கள். பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம். எழுத்துப் பிழைக்கு ஒரு முறை, கல்யாணத்துக்கு ஒரு முறை என்று தீர்த்துவிட்டு, பிற்பாடு பிரிந்து வந்து நிற்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னைக் கேட்பீர்கள். நான் அப்பா எழுத்திலேயே இருக்கிறேன். என் மாமியார் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தன் மகன் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் விட்டுவிட்டார். அந்த நர்ஸ் பெண்ணின் ஆதாரில் முகவரியை மட்டும் மாற்றுவதாகப் பேசிப் போயிருக்கிறார்கள். இனி வருகிறவர்கள் தயவுசெய்து ஆதாரை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், மார்க் ஷீட் ஃபைலையும் எடுத்து வாருங்கள். பெண்ணையும் கூட்டி வாருங்கள். அவள் இல்லாமல் வந்தால் நான் விண்ணப்பம் போடுவதில்லை.