ராயபுரம்: 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்பது சரியா?

'இந்தியாவின் முதல் ரயில் 1856-ல் நம்ம ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, வரலாற்றை மறைத்துவிட்டார்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஆண்டு சரி, ஊர் சரி. 'முதல்' என்பதுதான் தவறு.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹவுரா - ஹூக்ளி பாதை திறந்தது. அப்புறம்தான் சென்னையின் முறை. 1856 ஜூன் 28-ல் ராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ஆற்காடு அருகிலுள்ள வாலாஜா ரோடு நிலையம் வரை, சுமார் 100 கிலோமீட்டருக்கு, பொதுமக்களுக்கான ரயில்கள் ஓடின. ஆக, தென்னிந்தியாவின் முதல் நிலையம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதை யாரும் மறைக்கவும் இல்லை. 1873-ல் சென்ட்ரல் வந்தது, கூட்டம் அங்கே போனது, ராயபுரம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அவ்வளவுதான். சென்ட்ரல்தான் சென்னையின் மூத்த நிலையம் என்று நினைப்பவர்கள்தான் உண்மையில் அதிகம்!

பம்பாய், தாணேயின் அந்தக்கால நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் பழைய கட்டடமோ உயரமான தூண்களோடு இன்றும் நிற்கிறது. பெருமைக்கு இதுவே போதாதா? பல காலம் பாழடைந்து கிடந்ததைப் புதுப்பித்து 2005-ல் மறுபடி திறந்தார்கள். புறநகர் ரயிலில் அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பாருங்கள்.