வெட்டினது முடியை இல்லை, மூணு வருஷத்தை

தூங்கிக்கொண்டிருந்த பையனின் கொண்டையை நறுக்கிவிட்டுக் குடும்பமே விழுந்து விழுந்து சிரிக்கிறதே, அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். லிங்க் போட மாட்டேன். அதற்கு இன்னும் நாலு பேரைக் கூட்டிவிட நான் தயாராக இல்லை.

கீழே வரிசையாக ஒரே கமெண்ட்: "முடிதானே, வளரும்."

வளரும். கணக்கையும் போட்டுவிடுவோம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளரும். வருஷத்துக்கு 15. அந்தப் பையனுக்கு 45 செ.மீ.யாவது இருந்திருக்கும். ஆக 3 வருஷம். கத்தரிக்கோலுக்கு ஆனது நாலு நொடி.

அந்த மூணு வருஷமும் சும்மா போகவில்லை. ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை முடி எந்தப் பேச்சும் கேட்காது. காதுக்குப் பின்னால் ஒதுக்கினால் நிற்காது, கட்டப் போனால் எட்டாது, காதோரம் இறக்கை மாதிரி விரியும். உச்சி முடி தலையைச் சுற்றி இறங்கி வரவேண்டும். பிடரி முடியோ முளைத்த இடத்திலிருந்தே தொங்க ஆரம்பித்துவிடும். அதனால் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை பிடரியை மட்டும் இரண்டு செ.மீ. குறைக்கணும். "மேலே கை வைக்காதீங்கண்ணா" என்று சலூனில் ஒவ்வொரு தடவையும் கெஞ்சணும். பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே வெட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சொந்தக்காரர்களின் நாக்கு அதிகம் நீளுவதும் சரியாக இந்தக் கட்டத்தில்தான்.

"பாத்ரூம் பூரா முடி, எல்லாம் கொட்டுது பார்" என்பார்கள். எல்லார் தலையிலும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். கிராப் வைத்தவரின் 2 செ.மீ. துண்டுகள் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடும். 40 செ.மீ. முடி சல்லடையில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். உதிர்வது ஒன்றுதான், மாட்டிக்கொள்வது இவன்.

"நீளமா விட்டா சொட்டை விழும்" என்பது அடுத்தது. ஆண்களுக்கு வழக்கமாக விழும் வழுக்கை பரம்பரையாக வருவது. டி.எச்.டி. என்ற ஹார்மோனால் முடிவேர் சுருங்கிப்போகிறது. நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க கிராப் வெட்டியே சொட்டையானவர், அது வேறு விஷயம். உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அதை எந்தப் பெரியப்பாவும் சொன்னதில்லை: தினமும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்துக் கட்டினால் முன்நெற்றி முடி வேரிலேயே பலவீனமாகி ஏறிப்போகும். தளர்வாக, இடம் மாற்றி, துணி பேண்டில் கட்டவேண்டும். ஈரத்தோடு வாரக் கூடாது. நனைந்த முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துவிடும். நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போகணும். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவனைத்தான் "சோம்பேறி, அழுக்கு" என்கிறீர்கள்.

லேத், டிரில் மெஷின் பக்கம் வேலை செய்கிறவன் முடியை உள்ளே செருகித் தொப்பி போடத்தான் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவன் படுத்திருந்தது கட்டிலில்.

"ஆம்பளையா லட்சணமா இரு" என்பவர்களுக்கு: கி.மு. 480, கிரேக்கத்தில் தெர்மோபைலே கணவாய். போருக்கு முன் ஸ்பார்ட்டா வீரர்கள் உட்கார்ந்து நீள முடியைச் சீவிக்கொண்டிருந்ததை பாரசீக ஒற்றன் போய்ச் சொன்னபோது மன்னன் செர்க்சஸுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது என்று எழுதுகிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். உயிரைப் பணயம் வைக்கும் முன் தலைவாருவது அவர்கள் வழக்கம் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கவேண்டியிருந்தது. சிரித்தவர் வரிசையில் நீங்கள் முதல் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"பெத்தவங்களுக்கு உரிமை இல்லையா?" திட்டுங்கள். சாப்பிடாமல் இருந்து காட்டுங்கள். கல்யாணப் பேச்சை எடுத்து மிரட்டுங்கள். அதெல்லாம் அவன் விழித்திருக்கும்போது. தூங்கும் பெண்ணின் பின்னலை அறுத்திருந்தால் இதே வீடியோவுக்கு என்ன பேர் வைத்திருப்பீர்கள்? எழுந்ததும் அவன் கை தானாக உச்சிக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் காற்றில் ஒரு நொடி நிற்கிறது. அந்த இடத்தில்தான் சிரிப்பு இன்னும் கூடுகிறது. மூணு வருஷம்ங்க.

தம்பி, இதைப் படித்தால்: கோபத்தில் இன்றைக்கே மொட்டை அடிக்காதே. பேண்டுக்கும் தலைக்கும் நடுவில் வெட்டியிருப்பதால் உச்சியில் 3 செ.மீ.யும், முன்னாலும் பிடரியிலும் 12, 15ம் நின்றிருக்கும். இப்போதைக்கு ஓரத்தை 6க்குக் கொண்டுவா, உச்சி எட்டிப்பிடிக்கும் வரை பிடரியை மட்டும் குறைத்துக்கொண்டிரு. வெட்டின கற்றை பேண்டோடு கிடைத்தால் இன்னொரு முனையையும் கட்டி, ஈரமில்லாமல் எடுத்து வை. விக் செய்ய முடிதானம் வாங்கும் இடங்களில் பலவும் 30 செ.மீ. இருந்தால் ஏற்றுக்கொள்ளும். கொடுப்பதா வேண்டாமா என்பதையாவது நீ முடிவு செய்.

அந்த வீடியோவுக்கு "ஹாஹா" போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் 11 பேர் இருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன்.