தூறலுக்கு வந்த கோபம் வெயிலுக்கு ஏன் வரவில்லை?

இரண்டு நாளாகக் கமெண்டுகளில் பதில் சொன்னதோடு சரி, தனியாகப் பதிவு எதுவும் எழுதாமல்தான் இருந்தேன். என் பையனின் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மற்ற எல்லார் பெயரையும் கறுப்படித்துவிட்டு என் பெயரை மட்டும் பளிச்சென்று விட்டு, "இவரெல்லாம் ஒரு தாயா?" என்று தலைப்பும் போட்டுச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். சரி, பேசிவிடுவோம்.

வியாழக்கிழமை தூறல் விவகாரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், முழுதாக எழுத எனக்குத் தெம்பில்லை. பி.டி. பீரியடில் தூறல் விழுந்தது. மாஸ்டர் விளையாட்டை நிறுத்தவில்லை. பிள்ளைகள் நனைந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்த பஞ்சாயத்து, ராத்திரி பதினொன்றுக்கு "அந்த ஆளை வேலையை விட்டே தூக்க வேண்டும்" என்பதில் வந்து நின்றது. இடையில் நான் எழுதியது ஒரே ஒரு வரி: "இடி இல்லை, மின்னல் இல்லை, தூறல்தானே, என் பையன் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தான்." இதுதான் நான் செய்த குற்றம்.

எந்த வானிலையானாலும் பிள்ளைகளை வெளியே விரட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கேயும் சொல்லவில்லை. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன். தூறலுக்கு அல்ல. இடிக்கும் வெயிலுக்கும். இதை இந்தப் பதிவு முடிவதற்குள் இன்னும் பத்து தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை என்பதை அந்தக் குழுவில் பார்த்துவிட்டேன்.

"நனைந்தால் சளி பிடிக்காதா?" சளி வைரஸால் வருகிறது. மழைத்துளியில் சளி கிடையாது. நாற்பது பிள்ளைகளை ஜன்னல் அடைத்த ஒரே அறையில் உட்கார வைத்தால், இருமுகிற பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவ அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. மழைக்குப் பயந்து உள்ளே அடைக்கிறீர்களே, அங்கேதான் அது காத்திருக்கிறது. இதைச் சொன்னதும் ஒருவர் கமெண்டில் வந்து, "அக்கா, நீங்க டாக்டரா?" என்று கேட்டார். இல்லை தம்பி. நீங்களும் இல்லை. அப்புறம் அவரே ஒரு ஆய்வைக் கொண்டுவந்து போட்டார். 2005-இல் பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 90 பேரைக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் கால் வைத்து உட்கார வைத்தார்கள், அடுத்த நாலைந்து நாளில் அவர்களில் 13 பேர் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். காலை நனைக்காத 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். நல்லது, படித்தேன். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள், என் பையன் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தவன். நனைந்தவர்களிலும் 77 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அதே கணக்கில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. போகட்டும். ஈரத்தோடு அப்படியே உட்கார வைக்காதீர்கள், துண்டும் மாற்று டி-ஷர்ட்டும் பையில் வைத்து அனுப்புங்கள். வேலை முடிந்தது. இதற்கு ஒருவரை வேலையை விட்டுத் தூக்க வேண்டுமா?

குளிரும் காற்றும் ஈரமும் மூன்றும் ஒன்றாகச் சேரும் இடங்களில் கதை வேறு என்பது எனக்கும் தெரியும். அங்கே நனைந்த பிள்ளையின் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்து. வியாழக்கிழமை அப்படி ஒரு நாள் இல்லை. மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத நாள் அது.

இடியைப் பற்றிச் சொல்கிறேன். மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி உண்மையில் இது ஒன்றுதான், அதைத்தான் யாரும் கேட்கவில்லை: இடி கேட்டால் என்ன செய்வீர்கள்? மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், அப்போதே மைதானத்தைக் காலி செய்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரை யாரும் வெளியே வரக் கூடாது. மழை நின்றுவிட்டதா என்பது கணக்கே இல்லை. துளி மழை இல்லாத இடத்திலும் மின்னல் விழும். மழைக்கு மரத்தடியில் ஒதுங்கச் சொல்கிறோமே, இடி நேரத்தில் அதைவிட மோசமான இடம் கிடையாது. நாலு பக்கமும் திறந்த கொட்டகையும் உதவாது. சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். எங்கள் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆனால் ஈர சாக்ஸ் பற்றி மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது.

இப்போது வெயில். எனக்கு உண்மையில் எரிவது இங்கேதான்.

விளையாட்டு விழா ஒத்திகை என்று இரண்டு மாதம் முன்பு, உச்சி வெயிலில் பிள்ளைகளை ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிறுத்தினார்கள். மூன்று பிள்ளைகள் மயங்கினார்கள். குழுவில் அன்று என்ன வந்தது தெரியுமா? கைகூப்பும் பொம்மை இரண்டு, "குளுக்கோஸ் கொடுத்து அனுப்புங்கள்" என்று ஒரு மெசேஜ், அதற்குக் கீழே அணிவகுப்பு போட்டோக்கள், அவற்றுக்கு முப்பது இதயக் குறிகள். தூறலில் நனைந்ததற்கு ஆறு மணி நேரப் பஞ்சாயத்து. வெயிலில் விழுந்ததற்கு இதயக் குறி.

வெயிலில் விழுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் நானே விழுந்திருக்கிறேன். மூன்றாவது வரிசை, இடமிருந்து நாலாவது ஆள். முதலில் வியர்வை கண்ணில் இறங்கியது. அப்புறம் முன்னால் நிற்பவளின் ரிப்பன் இரண்டாகத் தெரிந்தது. கையைத் தூக்கினேன். "அசையாதே" என்று மைக்கில் சத்தம் வந்தது. அசையவில்லை. அடுத்து ஞாபகம் வரும்போது முழங்காலில் மண்ணும் ரத்தமுமாகக் கிடந்தேன், தலைக்கு மேலே யாரோ "நாடகம் போடுறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மைக் பிடித்திருந்தவர் நிழற்பந்தலில் நின்றார். பந்தல் பெரியவர்களுக்கு. வெயில் பிள்ளைகளுக்கு. இத்தனை வருஷம் கழித்தும் "நாடகம்" என்ற சொல்லை யாராவது சத்தமாகச் சொன்னால் என் முழங்கால் வலிக்கிறது, சிரிக்காதீர்கள்.

வெயில் என்றால் டிகிரி மட்டும் அல்ல. 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்தபோது, இதை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்புக் கோளத்துக்குள் வைத்தது ஒன்று, சாதாரண வெப்பமானி ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும்போது, காற்றின் ஈரத்தைக் காட்டும் முதலாவதற்கு 70 சதவீத மதிப்பு, இரண்டாவதற்கு 20, நாம் தினமும் செய்தியில் பார்க்கும் சாதாரண வெப்பத்துக்கு வெறும் 10. அதாவது புழுக்கம்தான் பெரிய வில்லன். வியர்வை காயவில்லை என்றால் உடம்பு குளிராது. இந்த அளவு 31 டிகிரியை எட்டினால் உடற்பயிற்சி கூடாது, அதுவும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது என்று ஜப்பானில் வழிகாட்டுதல் இருக்கிறது. அங்கேயே 2018 ஜூலையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துப் பூங்காவுக்குப் பூச்சி பிடிக்க நடத்திக் கூட்டிப்போன ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஹீட் ஸ்ட்ரோக்கில் இறந்துபோனது. பந்தயம் ஓடவில்லை. போட்டி எதுவும் இல்லை. பூச்சி பிடிக்கப் போன பிள்ளை.

"நாங்கள் எல்லாம் வெயிலில் விளையாடித்தானே வளர்ந்தோம்?" என்று ஒரு மாமா வருவார், வந்துவிட்டார். மாமா, நீங்கள் விளையாடினீர்கள். தாகம் எடுத்தால் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தீர்கள், கால் சுட்டால் நிழலுக்குப் போனீர்கள், முடியவில்லை என்றால் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். ஒத்திகையில் நிற்கும் பிள்ளைக்கு இதில் எது முடியும்? அதுவும் நீங்கள் தினமும் வெயிலில் திரிந்தவர்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். விடுமுறை முழுக்க அறைக்குள் இருந்த பிள்ளையை, பள்ளி திறந்த முதல் வாரமே மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓட விடுகிறார்கள். விழாமல் என்ன செய்யும்?

விழுந்தால் என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால் அது குளுக்கோஸ் விஷயம் அல்ல. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அது வரும் வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்திக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர வைக்க வேண்டும். தண்ணீர்! தூறலில் எந்தத் தண்ணீருக்குப் பயந்தீர்களோ அதே தண்ணீர்.

எனக்கு ஆதரவாக வந்த ஒருவரோடும் சண்டை போட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மோசமான வானிலை என்று எதுவும் இல்லை, மோசமான உடைதான் உண்டு" என்று நார்வேக்காரர்கள் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்றாக நாலு சட்டை போடலாம். வெயிலுக்கு எதைக் கழற்றுவது, தோலையா? அவர் என்னை அன்ஃபிரண்ட் செய்துவிட்டார். நண்பர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பரவாயில்லை.

ஆஸ்துமா உள்ள பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் விவரம் மாஸ்டரிடம் இருக்க வேண்டும், இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும், முடியாத நாளில் உட்காரட்டும். அதற்காக எல்லாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

ஒரு அம்மா சொன்னது மட்டும் என்னை யோசிக்க வைத்தது. சீருடை வெள்ளை, நனைந்தால் உடம்போடு ஒட்டும், ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கூனிக்கொண்டு நின்றார்கள் என்றார். நியாயம். முழு நியாயம். அந்த ஒரு மெசேஜுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்கு வழி, பி.டி. சீருடையை அடர் நிறத்தில் மாற்றுவதா, பெண் பிள்ளைகளை உள்ளே அனுப்புவதா? எங்கள் காலத்தில் இரண்டாவதைத்தான் செய்தார்கள். வானம் கறுத்தாலே "கேர்ள்ஸ் எல்லாம் கிளாஸுக்குப் போங்க" என்பார்கள். பையன்கள் சேற்றில் விழுந்து எழுந்து விளையாடுவதை நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். மழைக்கு உள்ளே போ. வெயிலுக்குக் கறுத்துவிடுவாய், உள்ளே போ. வரிசையில் நிற்க மட்டும் வெளியே வா. எந்த வானிலையிலும் எனக்கு ஒரு பந்து கிடைத்ததாக ஞாபகம் இல்லை. ஒரே ஒரு தடவை, மாஸ்டர் லீவில் இருந்த நாளில், மழையில் இறங்கி எறிபந்து விளையாடினோம். பதினைந்து நிமிடம் இருக்கும். பள்ளி வாழ்க்கையில் வேறு எது மறந்தாலும் அது மறக்கவில்லை.

எங்கே ஆரம்பித்து எங்கே வந்துவிட்டேன் பாருங்கள். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் சுமார் 30 சதவீதம், வழக்கம்போல இருந்த பள்ளிகளில் சுமார் 40. 2015-இல் வெளிவந்த ஆய்வு. கண்ணாடி போடாத பிள்ளை உங்கள் பிள்ளையின் வகுப்பில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு வாரத்துக்கு இரண்டு பீரியட். அதில் மழை என்றால் இல்லை, வெயில் என்றால் அணிவகுப்பு, பரீட்சை என்றால் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்வார் என்பதே மரியாதையான சொல்.

மாஸ்டரிடம் எழுத்தில் மன்னிப்பு வாங்கிவிட்டார்களாம். அதையும் குழுவில் போட்டார்கள். "இனி மேகமூட்டம் இருந்தாலே மாணவர்கள் வகுப்பறையில் இருப்பார்கள் என உறுதியளிக்கிறேன்." அழகான கையெழுத்து. கட்டைவிரல் வரிசையாக வந்து விழுந்தது. நான் எதுவும் போடவில்லை. அவருக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பயம்தான். என் பையனும் அங்கேதானே படிக்கிறான்.

இன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்று இருந்தது, வெயிலும் இதமாகத்தான் இருந்தது. மூன்றாவது பீரியட் பி.டி. பையன் சாயங்காலம் வந்ததும் ஷூவைப் பார்த்தேன், மண் இல்லை. "பி.டி.யில் என்ன விளையாடினீங்க?" என்று கேட்டேன். பையிலிருந்து கணக்குப் பயிற்சித்தாளை எடுத்துக் காட்டினான். இரண்டு பக்கம், பின்னக் கணக்கு. குழுவைத் திறந்து பார்த்தேன். ஒரு மெசேஜும் இல்லை.